பழைய டிரம்ஸும் நெல்லை வெயிலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் இருக்கிறேன். இருபது வயதில் அம்மன் கோயில் கொடைகளில் மெல்லிசைக் கச்சேரிக்கு டிரம்ஸ் வாசிக்க ஆரம்பித்தேன். இப்போது வாசிப்பது குறைந்துவிட்டது. பழைய செட்டுகளைப் பிரித்து, துடைத்து, ஹெட் (அடிக்கும் தோல்) மாற்றிக் கொடுக்கும் வேலைதான் அதிகம். 1960, 70-களில் வந்த வெளிநாட்டு செட்டுகள் நம் பக்கத்துக் கிறிஸ்தவ சபைகளிலும் பழைய குழுக்காரர்கள் வீட்டுப் பரண்களிலும் இன்னும் ஒன்றிரண்டு கிடக்கின்றன. கொண்டுவருகிறவர்கள் சத்தத்தைப் பற்றிக் கேட்பதைவிட நிறத்தைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் அந்தக் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

நீல நிற செட் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். வந்து பார்த்தால் பச்சையாக இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

பெரும்பாலும் இல்லை. அது நீலமாக இருந்து பச்சையானதாகத்தான் இருக்கும்.

சில வருஷத்துக்கு முன்னால் அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒருவர் இதே சந்தேகத்தோடு ஒரு டாம்டாமை, அதாவது செட்டில் உள்ள சின்ன டிரம்மை, கொண்டுவந்தார். பாசி பிடித்த குளத்துத் தண்ணீர் மாதிரி ஒரு பச்சை, அதற்குள் மினுக்கு. "அண்ணாச்சி, இதைப் போய் நீலம்னு சொல்லுதாங்களே" என்றார். கீயைப் போட்டு ராடுகளைத் தளர்த்தி ரிம்மையும் (ஹெட்டைப் பிடித்திருக்கும் வளையம்) ஹெட்டையும் எடுத்தேன். ஷெல்லுக்கு, அதாவது டிரம்மின் மர உடலுக்கு, உள்பக்கமிருந்து ஒரு லக்கின் (ராடு முறுகி நிற்கும் உலோகத் துண்டு) இரண்டு ஸ்க்ரூக்களையும் கழற்றினேன். லக் கையோடு வந்தது. அது உட்கார்ந்திருந்த இடத்தில், லக்கின் அச்சு அப்படியே வெட்டி வைத்தாற்போல் பளீரென்று நீலம். சுற்றிலும் பச்சை, நடுவில் மட்டும் நீலம். அறுபது வருஷமாக வெளிச்சமே படாத இடம் அது. அவர் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார், பெயின்ட்டோ என்று.

நடந்தது இதுதான். ஷெல்லைச் சுற்றி ஒட்டியிருக்கும் மினுக்கு ஷீட்டில் நிறமும் உலோகத் துகளும் உள்ளே இருக்கும், அவற்றுக்கு மேலே கண்ணாடி போல் ஒரு தெளிந்த அடுக்கு இருக்கும். நீலம் மாறவே இல்லை என்று சொல்ல முடியாது, ஆனால் முக்கியமாக மாறியது மேலே இருக்கும் அந்தத் தெளிந்த அடுக்கு. அது மஞ்சளாகிவிட்டது. மஞ்சள் கண்ணாடி வழியாக நீலத்தைப் பார்த்தால் பச்சையாகத்தானே தெரியும்?

அந்த ஷீட் எதில் செய்தது? சன்மைக்காவா?

ஒட்டும் விதம் சன்மைக்கா மாதிரி, பொருள் வேறு. அந்தக் காலத்து முத்து ஷீட், மினுக்கு ஷீட் பெரும்பாலானவை செல்லுலாய்டு. பருத்தி மாதிரி நார்ப்பொருளை நைட்ரிக் அமிலத்தில் பக்குவப்படுத்தி, அதோடு கற்பூரத்தைச் சேர்த்துப் பிசைந்தால் கிடைப்பது. ஆமாம், நாம் கோயிலில் ஏற்றும் சூடத்தின் அதே கற்பூரம்தான். அமெரிக்காவில் ஜான் வெஸ்லி ஹயாட் 1870 வாக்கில் இதற்குக் காப்புரிமை வாங்கினார். பழைய சினிமா பிலிம், சீப்பு, பொம்மை, பிங்பாங் பந்து எல்லாம் இதில்தான் வந்தன.

ஷீட்டின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு கற்பூரமாக இருக்கலாம். அதுதான் ஷீட்டை வளையவைக்கிறது. சூடத்தைத் திறந்து வைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்: உருகாமலே காற்றோடு போய்விடும். ஷீட்டிலிருந்தும் அப்படித்தான், வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது. போகப் போக ஷீட் சுருங்கும், விறைக்கும். பழைய செட்டில் ஷீட்டின் ஓரம், இரண்டு முனையும் சேரும் இடத்தில், வாய் பிளந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பசை விட்டுப்போனதும் ஒரு காரணம், இந்தச் சுருக்கமும் ஒரு காரணம். ஒரு பழைய ஷீட்டைக் கழற்றும்போது மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் லேசாகச் சூட வாசனை வரும். எனக்குப் பிடித்த வாசனை அது.

முத்து ஷீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பழைய செல்லுலாய்டு முத்து வேலைகளில் அந்தப் பளபளப்புக்கு மீன் செதிலிலிருந்து எடுத்த சத்தைப் பயன்படுத்தியதுண்டு. முத்துக் குளித்த கடற்கரைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது.

மங்குவதும் மஞ்சளாவதும் ஒன்றுதானா?

இல்லை. இரண்டும் வெயிலால் வருவதுதான், ஆனால் வேறு வேறு வேலை.

மங்குவது சாயம் சாவது. வெளிச்சம் சாய மூலக்கூறில் விழுந்து அதை உடைக்கிறது. உடைந்த மூலக்கூறுக்கு நிறம் இல்லை. பத்தமடைப் பாயை ஜன்னல் ஓரம் விரித்துப் போட்டவர்களுக்கு இது தெரியும். கட்டிலுக்கு அடியில் போன பகுதி சிவப்பாகவே இருக்கும், வெயில் விழுந்த பகுதி வெளிறியிருக்கும்.

மஞ்சளாவது ஷீட்டின் பொருளே கெடுவது. புற ஊதாக் கதிரும் சூடும் செல்லுலாய்டிலிருந்து நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களைக் கிளப்பிவிடுகின்றன. அவை காற்றின் ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம். அந்த அமிலம் ஷீட்டை மேலும் கெடுக்கும், மேலும் வாயு வரும். கெட்டுப்போன பொருள் வெளிச்சத்தில் உள்ள நீலப் பகுதியை விழுங்கிக்கொள்கிறது. மிச்சம் நம் கண்ணுக்கு வருவது மஞ்சள், அப்புறம் பழுப்பு.

ஒரே டிரம்மில் இரண்டும் சேர்ந்து நடக்கலாம். சிவப்பு மினுக்கில் சாயம் மங்கி, மேலடுக்கும் மஞ்சளானால் ஒருவிதச் செம்பு நிறம் வரும். அதைப் பார்த்துவிட்டு "இது அபூர்வ நிறம்" என்று விலை சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். லக்கைக் கழற்றிப் பாருங்கள்.

எந்த நிறம் என்னவாக மாறும்?

வெள்ளை முத்து முதலில் பாலாடை நிறமாகும், அப்புறம் வெண்ணெய், முற்றினால் பழைய யானைத் தந்தம். வெள்ளி மினுக்கு தங்கமாகிவிடும். வெள்ளி செட்டைத் தங்க செட் என்றே நம்பி ஒரு தலைமுறை வாசித்த கதை எனக்குத் தெரியும். நீலம் பச்சையாவதைச் சொல்லிவிட்டேன். கறுப்பு வெள்ளைச் சிப்பி முத்து, அதாவது 1963-இல் பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார் வாங்கிய லுட்விக் கம்பெனி செட்டின் நிறம், அதில் கறுப்பு அப்படியே இருக்கும். சாம்பல் வெள்ளைச் சுழிகள் மட்டும் பழுப்பேறும். கறுப்பு இருப்பதால் சட்டென்று தெரியாது.

சிவப்பு, இளஞ்சிவப்புச் சாயங்கள்தான் பொதுவாக முதலில் போகும். சிவப்பாகத் தெரிகிற சாயம் நீலத்தையும் பச்சையையும் விழுங்குகிறது. அந்தக் கதிர்களுக்கு சிவப்புக் கதிரைவிட ஆற்றல் அதிகம், அதனால் உடைக்கும் சக்தியும் அதிகம். தெருவில் பழைய கட்சிச் சுவரொட்டிகளைப் பாருங்கள், சிவப்பும் மஞ்சளும் போய் நீலமும் கறுப்பும் மட்டும் நிற்கும். அதே கணக்குதான்.

வெளியில் வைக்கவில்லை. வீட்டுக்குள் ஜன்னல் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்தான் இருந்தது. அப்புறம் எப்படி?

சாதாரண ஜன்னல் கண்ணாடி நம் தோலைச் சுடுகிற குட்டை அலைப் புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். சுமார் 320 நானோமீட்டருக்கு மேல் 400 வரை உள்ள நீண்ட அலைப் புற ஊதாவை நிறையவே உள்ளே விட்டுவிடும். மஞ்சளாக்க அது போதும். அதோடு, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமே சாயத்தை மங்க வைக்கும். கண்ணாடி இருக்கிறது என்று நிம்மதியாக இருக்க வேண்டாம்.

ஜன்னலில் ஒட்டும் புற ஊதாத் தடுப்பு பிலிம் நல்லதுதான். மஞ்சளாவது குறையும். ஆனால் மங்குவது முழுதாக நிற்காது, ஏனென்றால் வெளிச்சம் வந்துகொண்டுதான் இருக்கிறது. பிலிமும் கெட்டித் திரையும் சேர்ந்தால்தான் பலன்.

வடக்குப் பக்க ஜன்னலில் வெயில் வராது, அங்கே வைக்கலாம் என்று படித்தேன். சரிதானே?

இந்த யோசனை ஐரோப்பா, அமெரிக்காவில் எழுதியது. அங்கே அது சரி. நம் ஊரில் பாதி வருஷத்துக்குத்தான் சரி, இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு யோசனையை நம்பித்தான் நான் ஒரு ஃப்ளோர் டாமை (தரையில் நிற்கும் பெரிய டிரம்) கெடுத்தேன்.

திருநெல்வேலி ஏறத்தாழ 8.7 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை பிறக்கும் வாக்கில் மத்தியானச் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. அதற்கப்புறம் அது வடக்கே போய்விடுகிறது. ஜூன் 21 வாக்கில் உச்சிப் பொழுதில் தலைக்கு நேர் மேலிருந்து சுமார் 15 டிகிரி வடக்கே நிற்கும். ஆவணி நடுவில்தான் மறுபடி தலைக்கு மேல் வந்து தெற்கே திரும்புகிறது. அதாவது சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி, பாதி ஆவணி வரை வெயில் வடக்கிலிருந்துதான் வருகிறது. உச்சியில் சூரியன் உயரத்தில் இருப்பதால் கூரை ஓரம் மறைத்துவிடும். காலையிலும் சாயங்காலமும் சாய்ந்து வரும்போது வடக்கு ஜன்னல் வழியாக அறைக்குள் நீளமாக ஒரு வெயில் பட்டை விழும். அக்னி நட்சத்திரம் இதற்குள்ளேதான் வருகிறது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

என் ஃப்ளோர் டாம் வெள்ளை முத்து. வடக்கு ஜன்னலுக்குக் கீழே நான்கு கோடை இருந்தது. நான் அந்த அறைக்குப் பகல் பத்து மணிக்கு மேல்தான் போவேன், அப்போது வெயில் இருக்காது. ஒரு நாள் விடிந்ததும் எதையோ எடுக்கப் போனேன். ஜன்னல் கம்பிகளின் நிழலோடு வெயில் அந்த டாமின் மேல் விழுந்துகொண்டிருந்தது. அப்புறம் அதைத் திருப்பிப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் இருந்த பாதி வெண்ணெய், சுவர்ப் பக்கம் இருந்த பாதி பால். இப்போதும் அப்படித்தான் இருக்கிறது.

தெற்கு ஜன்னலுக்கு நேர்மாறு. மார்கழியில் உச்சிச் சூரியன் சுமார் 32 டிகிரி தெற்கே சாய்ந்திருக்கும், அப்போது தெற்கு ஜன்னல் வழியாக மத்தியான வெயில் ஆழமாக உள்ளே வரும். மேற்கு ஜன்னல் வருஷம் பூராவும் ஆகாது. வெயிலோடு சாயங்காலச் சூடும் சேர்ந்து வரும்.

எந்தத் திசையானாலும் ஒரே சோதனை: விடிகாலை, உச்சி, அந்தி மூன்று நேரமும் அந்த அறையில் போய் நின்று பாருங்கள். சித்திரையில் ஒரு தடவை, ஆனியில் ஒரு தடவை, மார்கழியில் ஒரு தடவை. நம் பழைய வளவு வீடுகளில் பட்டாசலை (கூடத்தை) தாண்டி உள்ளே இருக்கும் ஜன்னலில்லாத அறைதான் செட்டுக்கு உத்தமமான இடம்.

எவ்வளவு நாளில் நிறம் மாறும்?

ஷீட்டைப் பொறுத்து, இடத்தைப் பொறுத்து மாறும். ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். வெளிச்சத்தால் வரும் கெடுதல் சேர்ந்துகொண்டே போவது. இடையில் இருட்டில் வைத்தால் பழையது ஆறிவிடாது. அருங்காட்சியகங்களில் எளிதில் மங்கும் பொருள்களுக்கு 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் வைப்பதில்லை. நேர் வெயில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். அப்படியானால் ஒரு மணி நேர வெயில் என்பது அந்த அருங்காட்சியக விளக்கில் 2000 மணி நேரம். தினம் எட்டு மணி நேரம் என்று வைத்தால் 250 நாள். மொட்டை மாடியில் ஒரு மத்தியானம் காயவைப்பது எவ்வளவு பெரிய செலவு என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

உங்கள் அறையைச் சோதிக்க விலை உயர்ந்த கருவி வேண்டாம். சிவப்பு சார்ட் பேப்பரில் ஒரு துண்டு வெட்டி, பாதியை அலுமினியத் தாளால் மூடி, செட் வைக்கப்போகும் இடத்தில் ஒரு மாதம் வைத்துவிடுங்கள். மாதம் கழித்து மூடியைப் பிரியுங்கள். நடுவில் கோடு தெரிந்தால் அந்த இடம் டிரம்ஸுக்கு ஆகாது.

வெயிலே படவில்லை. பரணில் மூட்டை கட்டித்தான் வைத்திருந்தோம். ஆனாலும் மஞ்சள்.

பரண் எங்கே இருக்கிறது? காங்கிரீட் தளத்துக்கு ஒட்டினாற்போலவா, தகரக் கூரைக்குக் கீழா? கோடையில் அங்கே கையை வைத்துப் பாருங்கள். செல்லுலாய்டு கெடுவதற்குச் சூடு ஒன்றே போதும், வெளிச்சம் அதை விரட்டுகிறது, அவ்வளவுதான். வெப்பம் பத்து டிகிரி கூடினால் இதுபோன்ற வேதி வேலைகள் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகும் என்பது பொதுவான கணக்கு. பாலிதீன் சுற்றி, காற்றுப் போகாமல் கட்டி வைத்தது இன்னும் மோசம். ஷீட்டிலிருந்து வரும் வாயு வெளியே போக வழியில்லாமல் அதையே தின்னும்.

இன்னொன்றையும் பாருங்கள். அது மஞ்சளா, அழுக்கா? பீடி, சிகரெட் புகை, ஊதுபத்தி, மெழுகுவர்த்திப் புகை எல்லாம் பழுப்பாக ஒரு படலம் போடும். ஈரத் துணியால் ஓரத்தில் துடைத்துப் பாருங்கள். துணியில் பழுப்பு ஏறினால் சந்தோஷப்படுங்கள், அது போய்விடும்.

கொடை, அசனம் (சபை விருந்து), கல்யாணம் என்று வெளியில் வாசித்தே ஆக வேண்டும். என்ன செய்ய?

வாசியுங்கள். வாசிக்கத்தான் அது இருக்கிறது. ராத்திரிக் கச்சேரிக்கு மேடை விளக்கால் பெரிய கெடுதல் இல்லை, பழைய ஹாலஜன் விளக்கைச் செட்டுக்கு ரொம்பக் கிட்டே வைக்காதீர்கள், சூடு. எல்.இ.டி.யில் புற ஊதா மிகக் குறைவு.

கெடுப்பது ராத்திரி இல்லை, மத்தியானம். ராத்திரி ஒன்பது மணிக் கச்சேரிக்குப் பகல் இரண்டு மணிக்கே வண்டி வந்து சாமானை இறக்கிவிட்டுப் போய்விடும். பந்தலின் நிழல் மாறும், செட் அப்படியே வெயிலில் நிற்கும், ஆட்கள் சாப்பிடப் போயிருப்பார்கள். அந்த நான்கு மணி நேரம்தான் செட்டைத் தின்கிறது. ஸ்டாண்டும் சிம்பலும் முதலில் இறங்கட்டும், டிரம்கள் கடைசியில். அதேபோல் டிக்கியை அடைத்த காரில் வெயிலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். தூத்துக்குடி, திருச்செந்தூர், மணப்பாடு பக்கம் கடற்கரையோரம் வாசித்தால் வீட்டுக்கு வந்ததும் ரிம், லக் எல்லாவற்றையும் துடைத்துவிடுங்கள். அது நிறத்துக்காக இல்லை, உப்புக் காற்றில் குரோம் புள்ளி விழும்.

எதைப் போட்டு மூடலாம்?

ஜமுக்காளம். கெட்டிப் பருத்தி, வெளிச்சம் விடாது, காற்று விடும். பழைய வேட்டியை இரண்டாக மடித்துப் போட்டால் தூசிக்கு ஆகும், வெளிச்சத்துக்கு ஆகாது. வேட்டியைச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பாருங்கள், எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்று தெரியும். தார்பாய், ரெக்சின், கறுப்பு பாலிதீன் ஆகாது. டிரம் பெட்டி இருந்தால் நல்லது, மாதம் ஒரு தடவையாவது திறந்து காற்றாட விடுங்கள். தென்காசி, குற்றாலம் பக்கத்துக்காரர்கள் சாரல் நேரத்தில் இன்னும் அடிக்கடி திறக்க வேண்டும். ஈரமும் அமிலத்துக்குத் துணை.

பழைய நிறத்தைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?

மங்கிய சாயம் வராது. உடைந்த மூலக்கூறை யாரும் ஒட்ட முடியாது.

மஞ்சளைப் பற்றி ஒரு யோசனை சுற்றிக்கொண்டிருக்கிறது: ஹைட்ரஜன் பெராக்சைடைத் தடவி வெயிலில் வைத்தால் வெளுத்துவிடும் என்று. அது பழைய கம்ப்யூட்டர், வீடியோ கேம் பெட்டிகளுக்கு ஆட்கள் செய்வது. அவை ஏ.பி.எஸ். என்கிற வேறு பிளாஸ்டிக். செல்லுலாய்டு செட்டில் அதைச் செய்தால், எந்த வெயில் கெடுத்ததோ அதே வெயிலில், ஈரத்தோடும் ரசாயனத்தோடும் மறுபடி கொண்டுபோய் வைக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

பாலிஷ் போட்டால் ஓரளவு தெளியும். கெடுதல் மேற்பரப்பில்தான் அதிகம், ஆழம் போகப் போகக் குறைவு. அதனால் மெல்லிய நீர்த் தாளால் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத் தாள்) தேய்த்து மேலடுக்கில் ஒரு நூலிழை எடுத்து, அப்புறம் பாலிஷ் போடுகிறவர்கள் உண்டு. நீலம் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். ஆனால் எத்தனை தடிமன் இருக்கிறது என்று மேலிருந்து தெரியாது, மினுக்குத் துகளைத் தொட்டுவிட்டால் அந்த இடம் போச்சு. உலர்வாகத் தேய்த்தால் பறக்கிற தூள் நெருப்புக்குப் பிடித்தமானது. என்னிடம் கேட்டால் நான் செய்து கொடுப்பதில்லை.

எதால் துடைப்பது?

பழைய பருத்தித் துணி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு, நன்றாகப் பிழிந்து துடைத்து உடனே உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். ஷீட்டின் ஓரத்துக்குள் தண்ணீர் போகக் கூடாது. தின்னர், நக பாலிஷ் நீக்கும் திரவம் பட்டால் செல்லுலாய்டு கரைந்தே போகும். சானிடைசரும் வேண்டாம்.

பேசாமல் பழைய ஷீட்டை உரித்துவிட்டுப் புதுசு ஒட்டிவிடலாமா?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். ஷீட் ஷெல்லோடு கெட்டியாக ஒட்டியிருந்து, நிறம் மட்டும் மாறியிருந்தால், தொடாதீர்கள். சத்தத்தில் ஒரு குறையும் இல்லை. சேகரிப்பவர்கள் மூல ஷீட் உள்ள செட்டுக்குத்தான் மதிப்புக் கொடுக்கிறார்கள். ஒரே சீராக வெண்ணெய் நிறமான வெள்ளை முத்துக்குத் தனியாக ஆசைப்படுகிறவர்களும் உண்டு. உரிக்கும்போது ஷெல்லின் மேல் மரப் படலம் கூடவே கிழிந்து வரும், அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. போன வருஷம் ஒருவர் அப்பா வாசித்த செட்டை உரித்து, புதுச் சிவப்பு ஷீட் ஒட்டிக்கொண்டுவந்தார். ஒட்டியவர் ஷீட்டின் தடிமனைப் பார்க்கவில்லை. ஹெட் ஷெல்லுக்கு மேல் தாராளமாக உட்காராமல் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டது, டியூன் நிற்கவே இல்லை. பழைய ஷீட்டைக் கேட்டேன். குப்பைக்குப் போய்விட்டது என்றார்.

ஷீட் விரிசல் விட்டு, சுருங்கி, பிய்ந்து, வாசிக்கவே தொந்தரவு என்றால் மாற்றத்தான் வேண்டும். அப்போதும் ஹீட் கன், இஸ்திரிப் பெட்டி வைத்துப் பசையை இளக்காதீர்கள். செல்லுலாய்டு சட்டென்று பற்றும். பழைய ஷீட்டில் ஒரு துண்டாவது எடுத்து வையுங்கள், லக்குக்கு அடியில் இருந்த பகுதியாகப் பார்த்து.

டிரம்மில் காட்டமான நெடி அடிக்கிறது. ஆபத்தா?

சூட வாசனை என்றால் கவலையில்லை. மூக்கைக் குத்துகிற அமில நெடி, ஷீட்டில் பிசுபிசுப்பு அல்லது வியர்த்தாற்போல் ஈரம், வலைபோல் விரிசல், பக்கத்தில் உள்ள பித்தளையில் பச்சைக் களிம்பு, இப்படிச் சேர்ந்து தெரிந்தால் ஷீட் உள்ளே அழிய ஆரம்பித்துவிட்டது. அந்த டிரம்மை மற்றவற்றிலிருந்து பிரித்து, காற்றோட்டமான, சூடில்லாத இடத்தில் வையுங்கள். விளக்கு, அடுப்பு, மின்சாரப் பெட்டி பக்கத்தில் வேண்டாம். அந்த ஷீட்டைக் காப்பாற்ற முடியாது. ஷெல்லைக் காப்பாற்றலாம், தாமதிக்காதீர்கள்.

தவில், மிருதங்கத்துக்கும் இது பொருந்துமா?

அங்கே கதை வேறு. பலா மரம் புதிதாகக் கடையும்போது மஞ்சளாக இருக்கும். வெளிச்சம் பட்டுப் பட்டு அது செம்பழுப்பாக முற்றும். சாயத்தை வெளுக்கிற அதே வெளிச்சம் பலாவைக் கறுக்க வைக்கிறது. அது அழகுதான். அவற்றுக்கு வெயிலால் வரும் பயம் நிறம் இல்லை, தோல் உலர்ந்து இறுகுவதும் மரம் வெடிப்பதும்தான். ஷீட் இல்லாமல் மரம் தெரிகிற மாதிரி வார்னிஷ் அடித்த டிரம்ஸில் மரம் ஒரு பக்கம் மாறும், வார்னிஷ் ஒரு பக்கம் மஞ்சளாகும்.

இப்போது வாங்கும் புது செட்டுக்கு?

ஷீட் பெரும்பாலும் செல்லுலாய்டு இல்லை, புற ஊதாவைத் தாங்கும் சேர்மானமும் பலவற்றில் இருக்கும். மெதுவாக மாறும். மாறாது என்று இல்லை.

பழைய செட் வாங்கப் போகிறேன். நிறத்தில் என்ன பார்க்க வேண்டும்?

பகலில் போங்கள், டியூப் லைட்டில் முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொரு டிரம்மையும் முழுச் சுற்றும் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் ஒரு நிறம், மறு பக்கம் வேறு நிறம் என்றால் ஜன்னல் ஓரம் கிடந்தது. மூன்று டிரம்மும் ஒரே அளவு மாறியிருந்தால் ஒன்றாகவே வளர்ந்தவை. ஒன்று மட்டும் தனியாகத் தெரிந்தால் எங்கிருந்தோ வந்து சேர்ந்ததாக இருக்கலாம்.

விற்பவரின் சம்மதத்தோடு ஒரு லக்கை மட்டும் கழற்றுங்கள். அடியில் வெளியே இருப்பதைவிடப் புது நிறம் தெரிந்தால் ஷீட் நெடுங்காலமாக அங்கேயே இருக்கிறது. அடியிலும் வெளியிலும் ஒரே நிறம், ஆனால் செட் அறுபது வருஷப் பழசு என்றால், ஒன்று இருட்டில் கிடந்திருக்க வேண்டும், இல்லை ஷீட் மாற்றியிருக்க வேண்டும். பேட்ஜை (கம்பெனிப் பெயர்த் தகடு) கழற்றிப் பார்க்க நினைக்காதீர்கள். பல செட்டுகளில் அது காற்றுத் துளையில் அடித்து மடித்த வளையத்தால் நிற்பது. எடுத்தால் பழையபடி உட்காராது.

கழற்றிய லக்கைத் திரும்ப மாட்டும் முன்னால், அடியில் தெரிந்த அந்த நிறத்தை நிழலான பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துவிடுங்கள், பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளையும் வைத்து. தாள் இருந்தால் கேமரா நிறத்தை எவ்வளவு மாற்றியது என்று பின்னால் பார்த்துக்கொள்ளலாம். அப்புறம் ஸ்க்ரூவைப் போட்டு, ரொம்ப முறுக்காமல், கைப் பிடிக்கு நிறுத்துங்கள்.